கதவைப் பூட்டிக்கொண்டு பார்க்கும் கணக்கு

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் வருகிற விதவையை ஞாபகம் இருக்கும். புருஷன் போய்விட்டான். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவளிடம் கேட்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான். ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றும் இல்லை. அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வா, பிள்ளைகளோடு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள், ஊற்று என்கிறார். பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க, அவள் ஊற்றுகிறாள். கடைசியில் எலிசா சொல்வது: எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மிச்சத்தைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள்.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு எண்ணெய் பெருகியதை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். குடித்தனம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. முதலில் இருப்பைப் பார்த்தது, கதவைப் பூட்டிக்கொண்டது, பிள்ளைகளும் கூட நின்று வேலை செய்தது, கடன் முன்னால் மிச்சம் பின்னால் என்ற வரிசை. ஒரு வீட்டுக் கணக்கை எப்படி நடத்துவது என்று இதைவிடச் சுருக்கமாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

புதிதாகக் கல்யாணமானவர்கள், விசுவாசத்துக்குப் புதியவர்கள், பல வருடமாகச் சேர்ந்து ஜெபித்தும் சேர்ந்து கணக்குப் பார்க்காதவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மூன்றாவது கூட்டத்தில்தான் நாங்களும் இருந்தோம்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம். இரவு ஜெபத்தில் அன்று மத்தேயு 6-ஆம் அதிகாரம். வாசிக்க வேண்டிய முறை என் கணவருடையது. 12-ஆம் வசனம் வந்தது. "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. தொண்டை அடைத்துக்கொண்டதோ என்று தண்ணீர் எடுக்க எழுந்தேன். "உட்காரு, ஒண்ணு சொல்லணும்" என்றார். எட்டு மாதமாக எனக்குத் தெரியாமல் ஒரு கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தாராம். கோபத்தில் நான் கத்தினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை வேறு. அலமாரியில், மடித்து வைத்த துணிகளுக்கு அடியில், அவருக்குத் தெரியாமல் நான் சேர்த்து வைத்திருந்த பணம் ஞாபகத்துக்கு வந்து, என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரே பாயில் முழங்கால் போட்டு ஜெபித்த இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு இருந்தது.

அப்போஸ்தலர் 5-இல் அனனியாவும் சப்பீராளும் ஒருமனமாகத்தான் இருந்தார்கள், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளிப்பதில். நாங்கள் அதைக்கூடத் தனித்தனியாகச் செய்தோம்.

முதல் வாரம்: வீட்டில் என்ன இருக்கிறது

எதையும் குறைக்க வேண்டாம், எதையும் திட்டமிட வேண்டாம். இந்த வாரம் பட்டியல் மட்டும். ஒரு தாளில் மூன்று பகுதி போடுங்கள். கையிலும் கணக்கிலும் உள்ள பணம், பிறருக்குத் தர வேண்டியது, பிறர் நமக்குத் தர வேண்டியது. தர வேண்டியதில் வட்டி எவ்வளவு, கடைசித் தேதி எது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள். "நான் போட்டு வைக்கிறேன், நீ பார்த்துக்கோ" என்று ஒருவர் தலையில் விட்டால் அது பட்டியலாக இருக்காது, விசாரணையாகிவிடும்.

ஒளித்து வைத்தது ஏதாவது இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கேட்கிறவர் அன்று இரவு தீர்ப்புச் சொல்லக் கூடாது. சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் 4 சொல்வது சரிதான், ஆனால் எங்களுக்கு இரண்டு சூரிய அஸ்தமனம் ஆயிற்று. அதற்காகப் பட்டியலை நிறுத்தவில்லை.

பிறகு வீட்டுப் பொருட்கள். அலமாரி, பரண், கட்டிலடி. ஒன்றுக்கு இரண்டாக இருப்பவை, பழுது பார்த்தால் ஓடுபவை, பிரிக்காத பெட்டிகள். இதை எழுதி முடித்தாலே அடுத்த மாதம் வாங்குவதாக இருந்தவற்றில் சில தானாக உதிர்ந்துவிடும்.

30 நாள் நோட்டு

லூக்கா 15-இல் பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்தவள் என்ன செய்கிறாள்? விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, தேடுகிறாள். அவள் வருமானத்தைக் கூட்டப் போகவில்லை. எங்கே விழுந்தது என்று பார்க்கிறாள். 30 நாள் செலவு நோட்டும் அந்தத் தேடல்தான்.

சிறியது பெரியது பார்க்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். நோட்டு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், பென்சில் கட்டி, தொங்க வேண்டும். ஃபோனில் எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் ஃபோன் ஒருவருடையது, நோட்டு வீட்டினுடையது. எங்கள் முதல் நோட்டில் 11-ஆம் நாள் பக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் கையெழுத்தில் "சில்லறைச் செலவு" என்று நான்கு வரி, அதன் பக்கத்தில் நான் போட்ட நான்கு கேள்விக்குறி. மறுநாள் காலையில் கேள்விக்குறிகளுக்கு மேலே "போலீஸ்" என்று எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு விதி வைத்தோம்: 30 நாள் முடியும்வரை யாரும் யாருடைய வரியையும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் எழுதுவது நின்றுவிடும், அல்லது பொய் எழுத ஆரம்பிப்போம்.

31-ஆம் நாள் கூட்டிப் பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் நாம் சந்தேகப்பட்ட இடத்தில் இருக்காது. மாதாமாதம் தானாகக் கழிந்துகொள்கிற சந்தாக்கள், அவசரத்தில் வெளியே வாங்கிய சாப்பாடு, தேதி தவறிக் கட்டிய அபராதம் என்று சந்து பொந்துகளில் இருக்கும்.

வரவைப் பிரிப்பது

பழைய தமிழ் வேதாகமத்தில் 'உக்கிராணக்காரன்' என்று ஒரு சொல் வருகிறது. உக்கிராணம் என்றால் பண்டசாலை. எஜமானுடைய பண்டசாலைச் சாவியை வைத்திருப்பவன் உக்கிராணக்காரன். கிரேக்கத்தில் அதற்கு 'ஓய்கோநோமோஸ்', வீட்டை நிர்வகிப்பவன். எக்கனாமிக்ஸ் என்ற சொல்லின் வேரும் இந்த வீடுதான். சாவி நம் கையில் இருக்கிறது, சரக்கு நம்முடையது இல்லை என்கிற நினைப்பு வந்துவிட்டால், 'என் சம்பளம், உன் சம்பளம்' என்கிற பேச்சு பாதி அடங்கிவிடும்.

வரவை 100 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். கடன் தீராமல் இருந்த வருடங்களில் எங்கள் பிரிப்பு இப்படி இருந்தது: கர்த்தருக்கும் பிறருக்கும் 10, சேமிப்பு 10, கடன் 15, குடியிருக்கும் வீட்டுக்கு 25, சாப்பாட்டுக்கும் வீட்டுச் சாமானுக்கும் 25, பயணம், படிப்பு, மருந்து எல்லாம் சேர்ந்து 11, ஆளுக்கு 2 வீதம் கைச்செலவு 4. உங்கள் வீட்டுக்கு இது அப்படியே பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். ஆனால் வரிசை முக்கியம். கொடுப்பதையும் சேமிப்பதையும் பணம் வந்த அன்றே எடுத்து வைக்க வேண்டும். மிஞ்சியதில் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் மிஞ்சாது. 1 கொரிந்தியர் 16-இல் பவுல் சொல்வதும் இதே முறைதான்: வாரத்தின் முதல் நாளில், அவனவன் வரவுக்குத் தக்கதைத் தன்னிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும்.

தசமபாகம் பற்றிச் சபைக்குச் சபை போதனை வேறுபடும். லேவியராகமம் 27-ஐக் காட்டிப் பத்தில் ஒன்று கட்டாயம் என்பார்கள் சிலர். 2 கொரிந்தியர் 9-ஐக் காட்டி, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடி என்பார்கள் சிலர். உங்கள் போதகரோடு பேசி முடிவெடுங்கள். எனக்கு ஒன்றில் மட்டும் உறுதி உண்டு. பெற்றோரின் மருந்துச் செலவை நிறுத்திக் காணிக்கை கொடுக்கக் கூடாது. மாற்கு 7-இல் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தகப்பனையும் தாயையும் கைவிட்டவர்களை இயேசு கண்டித்த கண்டிப்பு சாதாரணமானதில்லை.

சேமிப்பு விஷயத்தில் புதிய விசுவாசிகளுக்கு ஒரு குழப்பம் வரும். நாளைக்காகக் கவலைப்படாதே என்ற வசனம் இருக்கும்போது சேர்த்து வைப்பது அவிசுவாசமா? யாத்திராகமம் 16-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தினமும் ஆகாரமாகக் கிடைத்த மன்னா, ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. பயத்தில் விடியும்வரை வைத்தவர்களுடையது புழுத்து நாறிற்று. ஆறாம் நாளில் ஓய்வுநாளுக்கென்று எடுத்து வைத்த இரட்டிப்பு கெடவில்லை. அதே மன்னா, அதே பாத்திரம். யோசேப்பும் ஏழு செழிப்பான வருடங்களில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தான், வரப்போகும் பஞ்சத்துக்கென்று. அதனால் சேமிப்புக்கு ஒரு பெயர் வையுங்கள். பெயரில்லாத சேமிப்பு ஒன்று கரைந்துபோகும், அல்லது மனதைப் பிடித்துக்கொள்ளும். முதல் பெயர் 'அவசரம்': ஒரு மாதச் செலவு, பிறகு மெதுவாக மூன்று மாதச் செலவு வரை.

பிரித்த பணத்தை உறைகளில் போடுங்கள். எல்லாம் ஃபோனிலேயே போய் வருகிறது என்றால் தனித்தனிக் கணக்குகளில் வையுங்கள். சாப்பாட்டு உறை 24-ஆம் தேதியே காலியானால் வேறு உறையைத் தொடலாம், ஆனால் இருவரும் சேர்ந்துதான் தொட வேண்டும்.

வரவு கூடும்போது என்ன செய்வது என்பதற்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில் சொன்ன கணக்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மெதடிஸ்டுகளில் ஒருவருக்கு வருடம் 30 பவுண்டு வந்தது. 28-இல் வாழ்ந்தார், 2 கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது, அதே 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. இது வெஸ்லியே என்று சொல்வதுண்டு. அந்த அளவுக்கு நம்மால் ஆகுமோ ஆகாதோ, சம்பளம் ஏறிய மாதம் அந்த ஏற்றத்தில் பாதியையாவது செலவுக்குள் விடாமல் நிறுத்தி வைக்கலாம்.

கடன்

மாதம் 2 சதவீத வட்டியில் வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டு, வட்டியும் முதலோடு சேர்ந்துகொண்டே போனால், 35 மாதத்தில் இரட்டிப்பாகிறது. 3 சதவீதம் என்றால் 24 மாதத்துக்குள். இதை ஒரு தாளில் நீங்களே மாதாமாதம் பெருக்கிப் போட்டுப் பாருங்கள். கடன் வாங்குகிறவன் கொடுக்கிறவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22 சொல்வது, பெருக்கிப் பார்த்தபின் வேறு மாதிரி ஒலிக்கும்.

எதை முதலில் அடைப்பது? வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் பணம் மிச்சம். சிறியதை முதலில் அடைத்தால் மனதுக்குத் தெம்பு. நாங்கள் சிறியது ஒன்றை முடித்துத் தெம்பு வாங்கிக்கொண்டு, பிறகு வட்டி வரிசைக்கு மாறினோம். எந்த வழியானாலும் அடைக்கிற காலத்தில் புதுக்கடன் கூடாது. கட்ட முடியாத மாதம் வந்தால் கடன் கொடுத்தவருக்கு முந்தியே சொல்லிவிடுங்கள். ஒளிந்துகொள்ளாதீர்கள்.

இன்னொன்று. சபையில் பழகியவர், நல்ல மனுஷர், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்பார். பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் கொஞ்சமும் நாசூக்கில்லாமல் பேசுகிறது. கடன் கொடுத்தவன் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போவான் என்கிறது. உதவ விரும்பினால், திரும்பி வராது என்று நினைத்து, முடிந்ததைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஜாமீன் வேண்டாம். 'நாங்கள் இரண்டு பேரும் பேசித்தான் எதற்கும் கையெழுத்துப் போடுவோம்' என்று சொல்லிப் பழகிக்கொண்டால் மறுப்பதும் சுலபம்.

சமையலறை

ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கத் தெரிந்தவர், ஒன்றும் சேதமாகாதபடி மீந்த துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள் என்று சொன்னார். பன்னிரண்டு கூடை வந்தது. தட்டில் மீதம் வைத்துவிட்டு 'ஆண்டவர் தருவார்' என்பவர்களுக்கு நான் யோவான் 6-ஐத்தான் காட்டுவேன்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழையது முன்னால், புதியது பின்னால். கடைக்குப் போகும் முன் அலமாரியைத் திறந்து பார்த்துப் பட்டியல் எழுதுங்கள், பசியோடு போகாதீர்கள். பெரிய பொட்டலம் மலிவு என்று நம்பாமல் எடையால் வகுத்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதைக் கொண்டே சமைக்கிற நாள். எங்கள் வீட்டில் அதற்குப் 'பன்னிரண்டு கூடை' என்று பெயர், சின்னவன் வைத்தது. பெரிய பொருள் எதுவானாலும் பெயரையும் தேதியையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி 30 நாள் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் இருவருக்கும் வேண்டுமென்றால் வாங்கலாம்.

ஜெபம் ஒரு நேரம், கணக்கு ஒரு நேரம்

குடும்ப ஜெபம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒரே நேரம், ஒரே இடம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஐந்தாறு வசனம். வாசிக்கிறவர் நாளுக்கு நாள் மாறட்டும். ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்யட்டும். நீளமாக ஆரம்பித்துப் பத்து நாளில் நிற்பதைவிடக் குறுகலாக ஆரம்பிப்பது மேல்.

ஜெபத்தில் கணக்கைக் கொண்டு வராதீர்கள். "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலருக்குச் சிக்கனமாயிருக்கப் புத்தியைத் தாரும்" என்று நான் ஒருநாள் சத்தமாக ஜெபித்தேன். அவர் ஆமென் சொல்லவில்லை. சரியாகத்தான் செய்தார். அது ஜெபமில்லை, குத்திக்காட்டல்.

கணக்குக்கு வாரம் ஒரு முறை அரை மணி நேரம் தனியாக வையுங்கள். தொலைக்காட்சி, ஃபோன் எல்லாம் அணைத்து, அந்த விதவையைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு. போன வாரம் எது நன்றாக நடந்தது என்பதில் ஆரம்பியுங்கள், பிறகு உறைகள், பிறகு வரும் வாரச் செலவுகள். ஒருவர் மிகவும் களைத்திருந்தால் மறுநாளைக்குத் தள்ளுங்கள். களைப்பில் போட்ட கணக்கு சண்டையில்தான் முடியும்.

புதுத் தம்பதிகளுக்கு உபாகமம் 24:5 ஒரு பரிசு. புதிதாக மனைவியைக் கொண்டவன் ஒரு வருடம் யுத்தத்துக்குப் போகக் கூடாது, வேறு எந்த வேலையும் சுமத்தக் கூடாது, வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும். வேலையை விட முடியாது. ஆனால் முதல் வருடத்தில் கூடுதல் பொறுப்புகளுக்கு, சபைப் பொறுப்பே ஆனாலும், 'அடுத்த வருஷம்' என்று சொல்ல உங்களுக்கு வேத ஆதாரம் இருக்கிறது.

பிள்ளைகள்

அந்த விதவையின் வீட்டில் பாத்திரம் எடுத்துக் கொடுத்தது பிள்ளைகள்தான். கடன் தொகையை எல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் வாரக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் அவர்களும் உட்காரட்டும். பட்டியலில் ஒரு வரியை அவர்கள் தீர்மானிக்கட்டும். கையில் கொடுக்கும் காசுக்கு மூன்று டப்பா: கொடுக்க, சேர்க்க, செலவழிக்க.

நேரமும் உக்கிராணத்தில் சேர்ந்ததுதான். ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றார், அதில் பாதியளவே பிழைத்தார்கள். கணவர் சாமுவேல் 1705-இல் கடனுக்காகச் சிறைக்கே போனார். அப்படிப்பட்ட வீட்டை நடத்திய அம்மா, வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவரான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமைகளை நினைத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான் இரண்டு பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கவே திணறுகிறேன். ஆனாலும் செலவே இல்லாமல் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதில் இதற்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை.

சிக்கனம் கெட்டுப்போகும் இடம்

1 சாமுவேல் 25-இல் நாபாலுக்கு மூவாயிரம் ஆடு, ஆயிரம் வெள்ளாடு. வாசலுக்கு வந்த தாவீதின் ஆட்களுக்கு என் அப்பத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்கிறான். மனைவி அபிகாயில் அவனுக்குச் சொல்லாமலே இருநூறு அப்பத்தைக் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு போகிறாள். அவளைப் புத்திசாலி என்று பாராட்டுகிறோம், சரிதான். ஆனால் நல்லது செய்யவும் ஒளித்துச் செய்ய வேண்டியிருந்த வீடு அது. உங்கள் வீட்டில் யாராவது நல்ல காரியத்தைக்கூட மறைத்துச் செய்ய ஆரம்பித்தால், சிக்கனம் கஞ்சத்தனமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்தால் முகம் சுருங்குவது, பிள்ளை கேட்கவே பயப்படுவது, இன்னொருவர் தட்டை எண்ணுவது எல்லாம் அதன் அடையாளங்கள்தான். அப்படி நேர்ந்தால் விருந்துக்கு என்று ஓர் உறை தனியாக வையுங்கள். மாதக் கடைசியில் அது செலவாகாமல் இருந்தால் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டே தீர வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் மனமிருந்தால்

துணைக்கு விருப்பமில்லை, அல்லது விசுவாசமே இல்லை என்றால் வேதத்தைத் தூக்கி எறிந்து அடிக்காதீர்கள். உங்கள் கைக்கு வரும் பணத்தை மட்டும் நோட்டில் எழுதுங்கள், நோட்டைத் திறந்தே வையுங்கள். என் தோழி ஒருத்தி ஏழு மாதம் தனியாக எழுதினாள். எட்டாவது மாதம் ஒரு பக்கத்தில், தன் வரிக்குக் கீழே, கணவர் கையெழுத்தில் பெட்ரோல் செலவு இருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் தேதியை மட்டும் எழுதி, பென்சிலை நோட்டின் மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.